பேனலைத் தூக்கிப் பார்ப்பது யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அலுவலகக் கட்டடங்களின் தீப்பாதுகாப்பு பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஸ்பிரிங்க்ளர், அவசர வழி, ஒத்திகை என்று எல்லாம் தெளிவாகவே இருந்தது. ஆனால் அத்தனையும் கண்ணுக்குத் தெரிகிற சமாச்சாரம். நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

இன்றைய அலுவலகங்கள், சர்வர் அறைகள், கட்டுப்பாட்டு அறைகள் பலவற்றில் நம் கால் கான்கிரீட்டில் படுவதே இல்லை. இரும்புக் கால்களை நட்டு, அவற்றின்மேல் 600 மி.மீ. சதுரப் பேனல்களை வரிசையாகப் போட்ட ஃபால்ஸ் ஃப்ளோரில்தான் நடக்கிறோம். சாதாரண அலுவலகத்தில் அடியில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். சர்வர் அறையில் முழங்கால் உயரம், சில இடங்களில் அதற்கும் மேலே. மின்சார கேபிளும் டேட்டா கேபிளும் அதற்குள்தான் ஓடுகின்றன. சில கட்டடங்களில் ஏசியின் குளிர்காற்றும் அதே வழியாகத்தான் வருகிறது.

அங்கே ஒரு கேபிள் ஜாயின்ட் சூடாகிப் பற்றிக்கொண்டால், புகையும் வெப்பமும் மேலே போக வழியின்றிப் பேனல்களின் அடிப்பக்கத்தை ஒட்டியே பக்கவாட்டில் ஓடும். அறைக்கு அறை தீத்தடுப்புச் சுவர் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தச் சுவர் பேனலின் மேல் நின்றால் ஒரு பிரயோஜனமும் இல்லை; கீழே வழி திறந்தேதான் கிடக்கிறது. கான்கிரீட் தளத்திலிருந்தே எழும்பினால்தான் அது தடுப்பு. குளிர்காற்று போகும் இடமென்றால் இன்னும் மோசம், விசிறியே புகையை எல்லா அறைக்கும் அனுப்பிவைக்கும். புகை தெரிந்ததும் விசிறி தானாக நிற்க வேண்டும் என்பது அதனால்தான். கேபிளின் மேலுள்ள பிவிசி பிளாஸ்டிக் உறை எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு, ஈரம் பட்டால் அமிலமாகிவிடும். தீ தொடாத சர்வர்கள்கூட அரித்துப்போவது இப்படித்தான்.

இதற்கு மருந்து புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பிரிட்டனின் கட்டட விதி வழிகாட்டியை எடுத்துக்கொண்டால், இப்படிப்பட்ட மறைவான இடைவெளியைப் பொதுவாக 20 மீட்டருக்கு ஒரு தடுப்பு வைத்துப் பிரிக்கச் சொல்கிறது. உள்பரப்பு சுலபமாகப் பற்றும் ரகமென்றால் 10 மீட்டர். அந்தத் தடுப்பு குறைந்தது 30 நிமிடம் தீயை மறுபக்கம் விடாமல் நிறுத்த வேண்டும்.

கட்டும்போது இதைச் செய்துவிடுகிறார்கள். என் ஆதங்கமெல்லாம் அப்புறம் நடப்பதைப் பற்றித்தான். புதிதாக நான்கு மேசை போடுகிறார்கள், கேபிள் இழுக்க ஆள் வருகிறார். பேனலைத் தூக்கினால் குறுக்கே ராக்வூல் எனும் கல் இழைப் பஞ்சுத் தடுப்பு. ஸ்க்ரூ டிரைவரால் குத்தி, கை நுழையும் அளவுக்குப் பிய்த்து, கேபிளை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறார். பேனல் மூடியாயிற்று, நெட் வருகிறது, பில்லில் கையெழுத்து. ஓட்டை யார் கணக்கிலும் ஏறுவதில்லை. அடுத்த தடவை வருபவர் அதே ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்குவார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அடைக்கும் பொருளும் அவர் கையில் இல்லை, அதற்கான கூலியும் பேசப்படவில்லை.

சிலர் அடைக்கிறேன் பேர்வழி என்று கடையில் கிடைக்கும் மஞ்சள் நுரையை அடித்துவிட்டுப் போவார்கள். சாதாரண பாலியூரித்தேன் நுரை எரியும் பொருள். அமெரிக்காவின் பிரௌன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் 1975 மார்ச் 22 அன்று நடந்தது இதுதான். கட்டுப்பாட்டு அறைக்குக் கீழே கேபிள்களுக்கென்றே ஒரு அறை. அதன் சுவரில் கேபிள் நுழையும் இடத்தை நுரையால் அடைத்துவிட்டு, காற்று கசிகிறதா என்று எரியும் மெழுகுவர்த்தியைக் காட்டிப் பார்த்தார்கள். சுடர் உள்ளே இழுக்கப்பட்டு நுரை பற்றிக்கொண்டது. தீ சுவரைத் தாண்டி அணு உலைக் கட்டடத்துக்குள் போய்விட்டது. 1,600க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதம். அணுமின் நிலையத்திலேயே இந்தக் கதி!

பேனலுக்கு அடியில் எரிய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும். பஞ்சு மாதிரி சாம்பல் நிறத் தூசி, அட்டைப்பெட்டித் துண்டு, சீவிப்போட்ட உறை, எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒருவருக்கும் தெரியாத செத்த கேபிள்கள். பயன்படாத கேபிள்களை, கைக்கு எட்டும் இடமென்றால், அகற்றியாக வேண்டும் என்று அமெரிக்க மின்விதி 2002லேயே சொல்லிவிட்டது.

புகையைக் கண்டறியும் டிடெக்டர் விஷயத்திலும் ஒரு சௌகரியமான மறதி உண்டு. 800 மி.மீ.க்குக் குறைவான இடைவெளிக்கு டிடெக்டர் தேவையில்லை என்பார்கள். பிரிட்டிஷ் தரவிதி பொதுவாக அப்படித்தான் சொல்கிறது, சரி. ஆனால் அறை விட்டு அறை தீ பரவ வழியிருந்தால் அந்த விலக்கு செல்லாது என்றும் அதுவே சொல்கிறதே!

என் யோசனை சிறியது. தடுப்பைத் தொடும் எந்தக் கேபிள் வேலைக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். ஓட்டையை அடைத்த படத்தைக் காட்டிய பிறகே பேனலை மூட வேண்டும், பணமும் அதற்கப்புறம்தான். அடிக்கடி கேபிள் மாறும் இடத்தில், சூடுபட்டால் உப்பி இடைவெளியை மூடும் தலையணை போன்ற பைகளை வைத்தால் எடுப்பதும் வைப்பதும் சுலபம். பேனல் தூக்கும் சக்‌ஷன் கப் வாசலருகே சுவரில் தொங்க வேண்டும். கீழே டிடெக்டர் உள்ள பேனல்களில் அடையாளம் ஒட்ட வேண்டும். புகை எங்கிருந்து வருகிறது என்று தேடும் தீயணைப்பு வீரரை, ஒவ்வொரு பேனலாக நெம்ப வைப்பது அநியாயம். சூட்டில் இளகிய இரும்புக் கால்களின் மேல்தான் அவர் நின்றுகொண்டிருப்பார்.

இதைப் பற்றி வரைபடங்களோடு ஒரு முழுக் கட்டுரை வெளியிட்டால், பராமரிப்பு ஒப்பந்தம் எழுதுகிறவர்களின் மேசைக்கு அதை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
கட்டடப் பராமரிப்புத் துறையில் இருக்கும் ஒரு வாசகர்