பெரிய அலுவலகம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும், வரையறையோடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர் 2014-லும் கும்பகோணம் 2021-லும் மாநகராட்சி ஆயின. மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டம் ஆனது. அந்தஸ்து உயர்ந்தால் அலுவலகமும் பெரிதாக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பிருக்காது. ஆனால் நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்ட முடிவு, ஊருக்கு வெளியே திடல் பார்த்துக் கட்டுவது. தஞ்சை ஆட்சியர் அலுவலகம் திருச்சி சாலைக்கும், மயிலாடுதுறை ஆட்சியர் அலுவலகம் மன்னம்பந்தலுக்கும் போய்விட்டன. மனுவோடு வரும் விவசாயக் கூலிப் பெண் பஸ் நிலையத்தில் இறங்கி இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். ஊருக்குள்ளேயே கட்டினாலோ, வேறெங்கோ போட்ட மாதிரி வரைபடத்தையே கொண்டுவந்து பழைய வீதியின் நடுவே நட்டுவிடுகிறார்கள்.

பெரிய பொதுக் கட்டடங்கள் ஊரின் நடுப்பகுதியில்தான் இருக்க வேண்டும். அதற்கு டெண்டருக்கு முன்பே அந்தப் பகுதிக்கென எழுதப்பட்ட வடிவமைப்பு வரையறை வேண்டும். சட்டத்தில் இதற்கு வழியில்லை என்று சொல்ல முடியாது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே, முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) கட்டடங்களின் உயரம், மாடி எண்ணிக்கை, முகப்புத் தோற்றம் வரை வரையறுக்க இடம் தருகிறது. தனித்தனிப் பகுதிக்கு விரிவு அபிவிருத்தித் திட்டமும் போடலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் அதிகாரம் இது. நாம்தான் நிலத்துக்கு வண்ணம் தீட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்: இது குடியிருப்பு, இது வணிகம், இது பொது உபயோகம் என்று. பொது உபயோகம் என்று வண்ணம் தீட்டிய மனையில் என்ன உருவத்தில் கட்டடம் எழும் என்பதை வண்ணம் சொல்வதில்லை.

2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வீதியின் அகலத்தைப் பார்த்து முன் இடைவெளியையும், உயரத்தைப் பார்த்துப் பக்க இடைவெளியையும் கேட்கின்றன. புறநகர் மனைக்கு அது பொருந்தும். தஞ்சை மேலவீதியிலோ கும்பகோணம் பெரிய தெருவிலோ அதை அப்படியே வைத்தால், இருபுறமும் ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு நடுவே கட்டடம் மட்டும் உள்ளே தள்ளிப்போய், முன்னால் காம்பவுண்டு சுவரும் அதற்குள் வாகனங்களும் நிற்கும். வீதியின் ஒழுங்கு அங்கே அறுந்துவிடும். எனவே நடுப்பகுதிக்கான வரையறையின் முதல் வரி, முகப்புச் சுவர் பக்கத்து வீடுகளின் முகப்புக் கோட்டிலேயே நிற்க வேண்டும் என்று இருக்கட்டும். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ளே முற்றம் விடலாம். நம் வீடுகளில் செய்ததும் அதுதானே.

அடுத்தது உயரம். 18.30 மீட்டருக்குள் இருந்தால் உயர்மாடிக் கட்டட விதிகள் வராது என்பதால், எல்லாரும் அந்த எல்லையைத் தொடும்வரை நேராக ஏற்றுகிறார்கள். 9 மீட்டர் அகல வீதியில் அது சுவராகத்தான் நிற்கும். வீதி எவ்வளவு அகலமோ அவ்வளவு உயரம்வரை முகப்பு நேராக எழலாம், அதற்கு மேல் 45 பாகைச் சாய்கோட்டுக்குள் பின்வாங்க வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். பீடம் (தரையிலிருந்து தளம்வரை உயர்த்தும் அடிப்பகுதி) 90 செ.மீ., ஒரு தளம் 3.6 மீட்டர், கைப்பிடிச் சுவர் 90 செ.மீ. என்றால் இரண்டு தளத்தோடு சரியாக 9 மீட்டர். மூன்றாம் தளம் 3.6 மீட்டரும் நான்காம் தளம் 7.2 மீட்டரும் பின்னுக்குப் போகும். மொத்த உயரம் 16.2 மீட்டர். நான்கு தள அலுவலகம் கிடைக்கிறது, தெருவில் நிற்பவர் கண்ணுக்குக் கோபுரமும் மறைவதில்லை. பெரிய கோயில், தாராசுரம் போன்ற மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது, அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்ற சட்டம் தனி. பொதுத் திட்டம் என்றாலும் அதில் விலக்கு இல்லை.

தேர் வீதிகளுக்கு இன்னொரு வரி சேர்க்க வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் 96 அடி. அதுபோன்ற தேர் திரும்பும் முனையில் போர்ட்டிகோ, பால்கனி, விளம்பர வளைவு எதுவும் வீதிக்கு மேல் நீளக்கூடாது. முனை மனையில் கட்டடத்தின் மூலையைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும். மின்கம்பியும் இணையக் கேபிளும் தரைக்கடியில் போகட்டும். 2022-இல் தஞ்சைக்கு அருகே களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள்.

நம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மாதிரி வரைபடம் பதில் சொல்லாது. கடைமடைப் பக்கம் களிமண், கோடையில் வெடித்து மழையில் பொதுமும். ஊர்ப்பக்கம் களியும் மணலும் மாறிமாறிப் படுகையாகக் கிடக்கும். மனையின் ஒரு மூலையில் மட்டும் போர் (துளை) போட்டு மண் பரிசோதனை அறிக்கை வாங்கினால், மறு மூலையில் இருக்கும் பழைய வாய்க்கால் படுகை தெரியாமலே போகும். ஒரு ஏக்கர் மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்து போர் என்பது இந்தியத் தர நிர்ணய நடைமுறை. ஆழம் அடித்தள அகலத்தில் ஒன்றரை மடங்கு. பொதுமும் களியில், மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தண்டின் அடியில் குமிழ் வைத்த அண்டர் ரீம்டு பைல் சரியாக இருக்கும். குமிழின் விட்டம் தண்டைப்போல் இரண்டரை மடங்கு. மேலே உள்ள பீமுக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் விடாமல் கான்கிரீட் போட்டால், களி பொதுமும்போது பீமைத் தூக்கிவிடும். கட்டி இரண்டு மழைக்காலத்துக்குள் சுவரில் சாய்வாக விரிசல் விழுவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம்.

வாகன நிறுத்தத்துக்குத் தரைக்கடித் தளம் தோண்டுவதை நடுப்பகுதியில் தடை செய்ய வேண்டும். மழைக்காலத்தில் இங்கே சில அடியிலேயே நீர் ஊறும். நீர்மட்டத்துக்குக் கீழே 3 மீட்டர் இறங்கினால் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையையும் 3 டன் விசை மேலே தள்ளும். மேல்தளங்கள் எழுவதற்கு முன் நீர் இறைக்கும் பம்பை நிறுத்தினால் காலிப் படகுபோல் அது மிதக்கப் பார்க்கும். அதைவிட மோசம், தோண்டும் மாதங்களில் இரவு பகலாக நீர் இறைப்பதால் பக்கத்துச் சுண்ணாம்புக் காரை வீடுகளின் கடைக்கால் இறங்குவது. தஞ்சையில் சேவப்பநாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளத்துக்கும் ஐயங்குளத்துக்கும் தண்ணீர் கொண்டுபோன நிலத்தடி வழிகள் உண்டு. இப்படிப்பட்டவற்றின் மேல் ஜேசிபி இறங்குவதற்கு முன் கையால் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பதை டெண்டரிலேயே சேர்க்க வேண்டும்.

பீட உயரத்தை இப்போது சாலையிலிருந்து அளக்கிறார்கள். சாலை ஒவ்வொரு முறை போடும்போதும் ஏறுகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-இல் அரசு உத்தரவு வந்தும், எல்லாத் தெருவிலும் அது நடப்பதில்லை. ஆகவே நிலையான மட்டக்குறி (உயரம் அளக்க மாறாத அடையாளக் கல்) ஒன்றை ஊரில் பதித்து, அதிலிருந்து பீட உயரத்தைக் குறிக்க வேண்டும். 90 செ.மீ. பீடம் என்றால் 1-க்கு 12 சரிவில் சக்கர நாற்காலிச் சாய்தளம் 10.8 மீட்டர் நீளும். 9 மீட்டருக்குள் இடையில் நின்று இளைப்பாற ஒரு தங்குமேடையும் வேண்டும், அகலம் குறைந்தது 1.2 மீட்டர். இதைத் திட்டத்தில் முதலிலேயே வரையாமல் கடைசியில் மூலையில் ஒட்டவைப்பதால்தான் பல அலுவலகங்களில் சாய்தளம் 1-க்கு 6 சரிவில், உதவியாளர் தள்ளினாலும் ஏறாத செங்குத்தாக நிற்கிறது.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணாடியும் ஏசிபி ஷீட்டும் (முகப்பில் ஒட்டும் அலுமினியத் தகடு) வேண்டும் என்று கேட்பவர்கள் இதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. தஞ்சாவூர் சுமார் 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 18 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 25 வாக்கு வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வடக்குச் சன்னலுக்கும் சன்ஷேட் தேவை. அங்கே 60 செ.மீ. போதும். மேற்கே அது உதவாது. மே மாதம் மாலை 4 மணிக்குச் சூரியன் 34 பாகை உயரத்தில்தான் இருக்கும். 60 செ.மீ. சன்ஷேட் அப்போது சன்னலில் 42 செ.மீ. உயரத்துக்கே நிழல் தரும். அதே இடத்தில் 2.4 மீட்டர் அகலத் தாழ்வாரம் 1.7 மீட்டருக்கு நிழல் தரும். மனுவோடு காத்திருக்கும் கூட்டமும் அந்த நிழலில் நிற்கலாம், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும்போது கிழக்குத் தாழ்வாரத்திலும் ஒதுங்கலாம். எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டப்படுவது தாழ்வாரம்தான். முகப்பு ஷீட் வேலைக்கு ஒதுக்கிய தொகை மட்டும் முழுதாகத் தப்பித்துவிடும். தாழ்வாரத்தைக் கட்டாயம் என்று வரையறையில் எழுதினால்தான் அது மிஞ்சும். கஜா புயல் 2018-இல் இந்தப் பக்கம் எத்தனை ஷீட் கூரைகளைப் பிய்த்தெறிந்தது என்பதை நாகை, திருவாரூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோபுர உருவத்தை ஃபைபரில் செய்து நெற்றியில் ஒட்டுவதையும் வேண்டாம் என்கிறேன். அளவும் நிழலும் சரியாக இருந்தால் கட்டடம் தானே இந்த ஊர்க் கட்டடமாகும்.

கூட்ட மண்டபம் தரைத்தளத்தில்தான் இருக்க வேண்டும். 300 சதுர மீட்டர் மண்டபத்துக்கு, ஆளுக்கு 0.65 சதுர மீட்டர் வீதம், சுமார் 460 பேர் கணக்கு. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி மாடிப்படிக்கு ஆளுக்கு 10 மி.மீ. அகலம் வேண்டும். ஆக மேல்தளத்தில் வைத்தால் 4.6 மீட்டர், அதாவது 2 மீட்டர் அகலத்தில் மூன்று படிக்கட்டுகள். தரைத்தளத்தில் ஆளுக்கு 6.5 மி.மீ. போதும் என்பதால், எதிரெதிர்ப் பக்கத்தில் வெளிப்புறம் திறக்கும் 2 மீட்டர் கதவுகள் இரண்டு சமாளித்துவிடும். கொலாப்ஸிபிள் கேட்டைப் பூட்டிவைக்கும் படிக்கட்டை வெளியேறும் வழியாகக் கணக்கிடவே கூடாது. 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைத் தீயில் இழந்த ஊர் கும்பகோணம். இந்தக் கணக்கை இங்கே யாரும் கேட்டு வாங்கும்படி இருக்கக்கூடாது.

நடைமுறையில் மூன்று கேட்கிறேன். வடிவம் இறுதியாகுமுன், வீதியின் இருபுற வீடுகளோடும் சேர்த்து வரைந்த முகப்புப் படமும் குறுக்குவெட்டும் வார்டு அலுவலகத்தில் ஒரு மாதம் ஒட்டப்பட வேண்டும். அரசுத் துறையே கட்டினாலும் திட்டக் குழுமத்துக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கடிதத்தோடு இந்தப் படமும் போகட்டும். கும்பகோணத்தில் 2028-இல் அடுத்த மகாமகம் வருகிறது. குளத்தைச் சுற்றிய வீதிகளில் எந்தப் பொதுக் கட்டட வேலையானாலும் 2027 இறுதிக்குள் சாரம் இறக்கி, குழி மூடி முடிக்க முடியாது என்றால், மகாமகம் முடியும்வரை தோண்டவே கூடாது.

இப்படிக்கு,
நகரமைப்புப் பணியில் உள்ள வாசகர்,
கும்பகோணம்.