தாது வருஷத்தில் கப்பலேறியவர்கள்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் நீங்கள், சித்தி, தம்பி, தங்கைகள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டுகிறோம்.

நீங்கள் அனுப்பிய கொடிவழிப் படம் வந்து இரண்டு மாதங்களாகின்றன. கூடத்தில் விரித்து வைத்து, அப்பா ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். உடனே பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், படத்தின் உச்சியில் நீங்கள் எழுதியிருக்கும் முதல் பெயர்தான். குலதெய்வத்தின் பெயரைத் தாங்கிய அவர் தாது வருஷப் பஞ்சத்தில் ஆத்தூரிலிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேறினார், மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார், 1943-இல் ஜப்பானியர் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனபின் திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் இருபது வருடமாக இதே கதையைத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஆகவே, இப்போது நான் சொல்லப்போவதை உங்கள் உழைப்பில் குறை காண்பதாக எண்ண வேண்டாம். அந்த ஒரு பெயருக்குள் இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள்.

தாது வருஷப் பஞ்சம் 1876-இல் தொடங்கி 1878 வரை நீடித்தது. அப்போது கப்பலேறியவருக்குப் பதினெட்டு வயது என்று வைத்துக்கொண்டாலும், 1943-இல் அவருக்கு எண்பத்தைந்து வயது ஆகியிருக்கும். அவருடைய மூத்த மகனாக நாம் கருதிவந்த என் தாத்தா பிறந்ததோ 1932-இல். உங்கள் அப்பா பிறந்தது 1939-இல். முதல் தலைமுறைக்கு மட்டும் நீங்கள் ஆண்டு குறிக்காமல் விட்டிருந்தீர்கள். அந்த வெற்றிடத்தை நிரப்ப உட்கார்ந்தபோதுதான் கணக்கு உதைத்தது.

பிறகு பால் மரம். ரப்பர் கன்றுகள் உயிரோடு சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்ததே 1877-இல்தான். அவை மலேயாவில் பெருந்தோட்டங்களாகப் பரவியது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பஞ்சத்தில் போனவர் எந்த மரத்தில் பால் வெட்டியிருக்க முடியும்? அந்நாளில் நம் ஜனங்கள் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்டது பினாங்கின் எதிர்க்கரையில் இருந்த கரும்புத் தோட்டங்களில். இன்று செபராங் பிறை என்கிறீர்களே, அந்தப் பகுதி. என் அப்பாவைப் பெற்ற அப்பாயி கதை சொல்லும்போது ஒரே மூச்சில் “கரும்பு வெட்டி முழங்கால்ல தழும்பு” என்றும் “கித்தாக் காட்டுல (ரப்பர் தோட்டத்தில்) பால் எடுத்தாரு” என்றும் சொல்வார்கள். ஒரே ஆள் இரண்டு வேலையும் பார்த்திருப்பார் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அப்பாயி இரண்டு கதைகளைச் சொல்லியிருக்கிறார்கள்.

முடிச்சு அவிழ்ந்தது பரணில் இருந்த தகரப் பெட்டியில். அதில் பதினொரு கடிதங்களும் இரண்டு பத்திரங்களும் இருந்தன. கடிதங்கள் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் எழுதிக்கொடுத்தவை போலும். கையெழுத்து அழகாக இருந்தாலும் பெரும்பாலான மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இல்லை, ஆண்டு, மாதம், நாளெல்லாம் ௵, ௴, ௳ என்ற குறிகளால் சுருக்கப்பட்டிருக்கின்றன. முதல் கடிதம் ஈஸ்வர வருஷம் ஆனி மாதத்தது. அறுபது ஆண்டுச் சக்கரத்தில் அது 1877 ஆகவும் இருக்கலாம், 1937 ஆகவும் இருக்கலாம். நல்லவேளையாக உறையும் கூடவே இருந்தது. நெற்கட்டுப் படம் போட்ட, மலேயாவின் கெடா மாநிலத்துத் தபால்தலையும், அதன்மேல் 1937 என்று தெளிவாகப் படிக்க முடிகிற முத்திரையும் அதில் இருக்கின்றன. தாதுவுக்கு அடுத்தது ஈஸ்வர. ஆகவே, குடும்பத்தில் வழங்கிவந்த “தாது வருஷத்தில் போனார்” என்ற பேச்சு பொய்யில்லை. அது 1936-ஐத் தொடும் தாதுவுக்கும் பொருந்துகிறது. கங்காணி (தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர்) மூலமாக ஆள் எடுப்பதை இந்திய அரசு 1938 ஜூனில் நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் போனவர் அவர்.

அப்படியானால் பஞ்சத்தில் போனவர் யார் என்ற கேள்விக்குப் பத்திரங்கள் பதில் சொல்கின்றன. முதலாவது 1889-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். ஒன்றரை ஏக்கர் புஞ்சையை நம் முன்னோர் வாங்கியது. இரண்டாவது, அதே புஞ்சையின் பேரில் தாது வருஷம் ஆவணி மாதம் எழுதிக்கொடுத்த அடமானப் பத்திரம்; இதில் 1936 என்று இங்கிலீஷ் வருஷமும் சேர்ந்தே இருக்கிறது. 1889-இல் வாங்கியவர் பெயரும் 1936-இல் அடகு வைத்தவர் பெயரும் ஒன்று. ஆனால் “குமாரர்” என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் தகப்பனார் பெயர் வேறு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கமும், அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் வருஷப் பெயரும் சேர்ந்து இருவரையும் ஒருவராக்கிவிட்டன. முதலாமவர் பஞ்சத்தில் போய், கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடித்து, ஊர் திரும்பி நிலம் வாங்கியிருக்கிறார். அவருடைய பேரன்தான் உங்கள் தாத்தா, என் கொள்ளுத்தாத்தா.

இருவருக்கும் நடுவில் இருந்தவரை நாம் அடியோடு தொலைத்திருந்தோம் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. மகனும் மருமகளும் கப்பலேறியபோது நான்கு வயதுப் பேரனைத் தம்மிடம் வைத்து வளர்த்தவர் அவர். என் தாத்தா அவரை “அய்யா” என்றே சொல்வார். அது தாத்தாவின் அப்பாவைக் குறிப்பது என்று நாங்களே முடிவுசெய்துகொண்டு, வேறு கேள்வி கேட்காமல் இருந்துவிட்டோம். அவர் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அடமானப் பத்திரத்தில் தகப்பனார் பெயராக நிற்கும் அந்த ஒரு சொல்லாக மட்டும் மிஞ்சியிருக்கிறார்.

அடமானப் பத்திரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பக்கத்தின் அடியில் உங்கள் தாத்தாவின் இடது பெருவிரல் ரேகை இருக்கிறது. மை பரவாமல், சுழி சுழியாக, நேற்று வைத்தது போல. பின்பக்கத்தில் கடன் கொடுத்தவர் கைப்பட எழுதிய வரவுகள்: பத்து ரூபாய், பதினைந்து ரூபாய், ஒரு தீபாவளிக்கு இருபத்தைந்து ரூபாய். கடிதங்களில் “மணியார்டர் பண்ணியிருக்கிறேன், கடனில் வரவு வைக்கச் சொல்லவும்” என்று எழுதிய தேதிகளோடு இவற்றை ஒப்பிட்டேன். ஒவ்வொன்றும் மூன்று, நான்கு வாரம் தள்ளி அப்படியே பொருந்துகிறது. கடைசிக் கடிதம் விஷு வருஷம் ஐப்பசி, அதாவது 1941 அக்டோபர் அல்லது நவம்பர். அதற்குரிய வரவு கார்த்திகையில் விழுந்திருக்கிறது. டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியர் மலேயாவின் கோத்தா பாருவில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் கழித்து, வேறு மையில், என் தாத்தா முழுக் கடனையும் தீர்த்துப் பத்திரத்தை மீட்டதற்கான ஒரே ஒரு வரி. அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

ஆகவே, கொடிவழிப் படத்தின் உச்சியை இப்படி மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்: முதலாமவர், அவருடைய மகன், பிறகு மீண்டும் அதே பெயர் தாங்கிய பேரன். மூன்று பேரின் முழுப் பெயர்களையும் பத்திரங்களின் ஒளிப்படங்களையும் தனியாக உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன். ஆடி அமாவாசைப் படையலில் முன்னோருக்கு இதுவரை ஒரே இலை போட்டுவந்த அம்மா, இந்த வருடம் மூன்று இலை போட்டார்கள்.

உங்களிடம் இரண்டு உதவி வேண்டும். முதலாவது, உங்கள் அப்பாவின் பிறப்புப் பத்திரம். 1939-இல் பதிந்திருந்தால் அதில் தகப்பனார் பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்க வேண்டும். கடிதங்களில் “இந்தத் தோட்டம்” என்றுதான் இருக்கிறதே தவிர, எந்தத் தோட்டம் என்று ஓர் இடத்திலும் இல்லை.

இரண்டாவது, நீங்கள் அனுப்பிய புகைப்படம். ஸ்டூடியோவில் உங்கள் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, பாட்டி கைக்குழந்தையோடு பக்கத்தில் நிற்கும் படம். முன்பக்கத்தைத்தான் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். அதன் பின்பக்கமும் வேண்டும். ஸ்டூடியோவின் முத்திரை இருக்கலாம், பென்சிலால் எழுதிய ஒரு வரி இருக்கலாம். ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்க வேண்டாம். ஓரம் தூக்கி நிற்கும் இடத்தில் மட்டும், வெயில் படாத வெளிச்சத்தில், எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவு எடுத்து அனுப்பினால் போதும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்