கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோய் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஈரல் எப்படிக் கெடும், நரம்பு எப்படித் தளரும் என்றெல்லாம் விவரமாக எழுதியவர், கடைசியில் 'அருகிலுள்ள ஆதரவுக் குழுவை அணுகவும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். நான் குடியை நிறுத்தி 9 வருடம் ஆகிறது. அந்த ஒரு வரியைச் செய்து முடிக்க எனக்கு 4 மாதம் பிடித்தது.

சிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதிலிருந்த முதல் முகவரிக்கு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். கதவு பூட்டியிருந்தது. பூட்டில் துரு ஏறியிருந்தது. சரி, யாராவது வருவார்கள் என்று படியிலேயே உட்கார்ந்திருந்தேன், இருட்டும்வரை. குழு வேறு இடத்துக்கு மாறி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. குடிக்காமல் இருந்த 12-வது நாள் அது. அன்று ராத்திரி நான் எங்கே போனேன் என்று, வீட்டில் குடிநோயாளி இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் இந்தக் குழுக்கள் கண்ணில் படாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் குடியால் சீரழிந்த இரண்டு பேர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியதில் தொடங்கியது. ஒருவர் பங்குத் தரகர், இன்னொருவர் அறுவை சிகிச்சை மருத்துவர். உறுப்பினர் பெயரை வெளியே சொல்வதில்லை, கட்டணம் வாங்குவதில்லை, விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதில்லை என்பது இன்றும் அவர்களுடைய மரபு. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி கேட்பதில்லை. அந்த அடக்கம்தான் என்னைப் போன்றவர்களின் மானத்தைக் காத்தது. ஆனால் தேடி வருகிறவனுக்கு வாசலில் ஒரு பலகைகூட இருக்காது.

அதனால் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாளை நம்பிக் கிளம்பாதீர்கள், முதலில் போன் செய்யுங்கள். எடுப்பவர் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்ட ஒருவராகவே இருப்பார், கூச்சப்பட வேண்டாம். இந்த வாரம் கூட்டம் நடக்கிறதா, வீட்டார் வரலாமா என்று கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம், மூடிய கூட்டம் குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். வாசலில் யாராவது எனக்காக நிற்பார்களா என்றும் கேளுங்கள். எனக்காக ஒருவர் நின்றார். போன் எண் கிடைக்கவில்லையா? போதை மீட்பு சிகிச்சைப் பிரிவில் இருக்கும் ஆலோசகரைக் கேட்டால் எந்தக் குழு உண்மையில் இயங்குகிறது என்று சொல்வார்.

நான் போன முதல் கூட்டத்தில், உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒரு பெரியவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், பாதி டம்ளர். முழுசாகக்கூட ஊற்றவில்லையே என்று மனதுக்குள் நினைத்தேன். வாங்கியபோது கை நடுங்கியது, ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அப்போதுதான் புரிந்தது. அந்த மனிதருக்கு என் கையைப் பற்றி எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அன்றைக்கு யார் என்ன பேசினார்கள் என்பது இப்போது நினைவில் இல்லை.

முதல் கூட்டம் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மாதிரி. ஏ.ஏ. கூட்டங்களில் வரும் கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி என்ற அமைப்பு இருக்கிறது, அது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் முறைகளைக் கொண்டு நடப்பது. குடிப்பவர் வர மறுத்தாலும் வீட்டார் தனியாகப் போகலாம், அவர்களுக்கென்றே 1951-இல் உருவானது அல்-அனான். என் மனைவி எனக்கு 2 மாதம் முன்பே அங்கே போகத் தொடங்கியிருந்தார். அப்புறம் அவர் என்னைத் திட்டுவதை நிறுத்தியதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தினமும் அதிகம் குடிப்பவர், கூட்டத்துக்குப் போகிறேன் என்று திடீரென்று நிறுத்திவிடக் கூடாது. முதல் சில நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம், முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதே சமயம், மருத்துவர்கள் இந்தக் கூட்டங்களை வெறும் ஆறுதல் என்று தள்ளிவிடவும் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சை மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதலாக உதவுகிறது என்று அது கண்டது.

உங்களிடம் என் வேண்டுகோள்: வாரம் ஒருமுறை ஒரு சின்னக் கட்டத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த இடம், எந்த எண் என்று மட்டும் போடுங்கள். மாதந்தோறும் அந்த எண்களுக்கெல்லாம் போன் செய்து, கூட்டம் நடக்கிறதா என்று விசாரித்து உங்களுக்கு எழுதி அனுப்புவதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம்)