செயலரின் ஆண்டறிக்கை 2024–25: கிளேர் கடற்கரைக்குக் குளிர்காலப் பயணம்

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், பேரவைக்கு வந்திருக்கும் மாணவ நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செப்டம்பரில் அயர்லாந்தின் கால்வே நகருக்குப் புதிதாக வந்த மாணவர்களுக்கு வரவேற்பு, அக்டோபர் இறுதியில் தீபாவளி, ஜனவரி 14 அன்று பொங்கல் ஆகியவை நடந்தன. அவற்றின் வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையின் பெரும்பகுதி மார்ச் 7 முதல் 9 வரை கிளேர் மாவட்டத்துக் கடலோர ஊரான டூலினில் தங்கிச் சென்ற பயணத்தைப் பற்றியது. சீசன் இல்லாத நேரத்தில் சங்கம் அட்லாண்டிக் கரைக்குப் போனது இதுவே முதல் முறை. அடுத்த செயற்குழு இதைக் கையில் வைத்துக்கொண்டே திட்டமிடலாம் என்ற அளவுக்கு விவரமாக எழுதியிருக்கிறேன்.

பயணம் முதலில் ஜனவரி 24 வெள்ளிக்கிழமை புறப்படுவதாக இருந்தது. அன்றுதான் ஏயோவின் புயல் அயர்லாந்தைத் தாக்கியது. நாடு முழுவதும் சிவப்பு எச்சரிக்கை. கால்வே மாவட்டத்து மேஸ் ஹெட் நிலையத்தில் காற்று மணிக்கு 183 கி.மீ. வேகத்தில் வீசியது, 1945-இல் ஃபாய்ன்ஸில் பதிவான 182 கி.மீ. என்ற நாட்டின் பழைய உச்சம் அன்று முறிந்தது. 7 லட்சத்து 68 ஆயிரம் இணைப்புகளில் மின்சாரம் போனது. மேற்குக் கரையில் மின்சாரம் திரும்பப் பல நாட்கள் ஆனதால், புயல் ஓய்ந்த மறுநாள் போகலாம் என்ற யோசனைக்கும் இடமில்லாமல் போயிற்று. செயற்குழு முதல் நாளே பயணத்தை ரத்து செய்தது சரியான முடிவு. தங்குமிடம் பணத்தை முழுதாகத் திருப்பித் தந்தது. மினிபஸ்ஸுக்குக் கொடுத்த 150 யூரோ முன்பணம் மார்ச் பயணத்துக்கு மாற்றப்பட்டது. முன்பதிவு செய்யும்போதே, வானிலையால் ரத்தானால் தேதி மாற்றலாம் என்பதை எழுத்தில் வாங்கியிருந்ததால்தான் இது முடிந்தது. இனி இந்த ஒரு வரி இல்லாத எந்த முன்பதிவுக்கும் செயலர் கையொப்பமிட வேண்டாம்.

எச்சரிக்கை நிறங்களைப் பற்றி உறுப்பினர்களிடையே தெளிவில்லை. அயர்லாந்தின் வானிலை நிலையமான மெட் ஏரன் காற்றுக்கு மஞ்சள் விடுப்பது, சராசரி வேகம் 50 முதல் 65 கி.மீ., இடையிடையே அடிக்கும் வீச்சு 90 முதல் 110 கி.மீ. வரை இருக்கும்போது. ஆரஞ்சு என்றால் வீச்சு 110-க்கு மேல். சிவப்பு என்றால் 130-க்கு மேல். மஞ்சள்தானே என்று ஊருக்குள் இருப்பவர் சொல்லலாம். கடலோரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்பவர் சொல்லக்கூடாது. 90 கி.மீ. வீச்சு ஆளை ஓரடி தள்ளும். அந்த ஓரடிக்கு அங்கே இடமில்லை. எனவே காற்றுக்கு மஞ்சள் என்றால் பாறைப் பகுதி கிடையாது, உள்நாட்டுத் திட்டம் மட்டும். ஆரஞ்சு என்றால் வண்டியே புறப்படாது. இந்த விதியைப் பேரவை இன்று தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முதற்காரணம் வெளிச்சம். ஜனவரி 24 அன்று இந்தக் கரையில் சூரியன் உதிப்பது காலை சுமார் 8.35-க்கு, மறைவது மாலை 5.05-க்கு. எட்டரை மணி நேரப் பகல். அதில் கால்வேயிலிருந்து போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மார்ச் 8 அன்று உதயம் சுமார் 7 மணி, மறைவு 6.25. ஏறத்தாழ மூன்று மணி நேரம் கூடுதல். கடற்கரை ஊர்களில் தெருவிளக்கு ஊருக்குள் மட்டுமே உண்டு. நடைபாதை இல்லாத சாலைகளில் இருட்டிய பிறகு குழுவாக நடப்பது ஆபத்து. ஆளுக்கொரு தலைவிளக்கும் ஒளிரும் மேற்சட்டையும் இல்லாமல் மாலை 6 மணிக்கு மேல் யாரும் சாலையில் நடக்கக்கூடாது என்று வைத்த விதி பயன்பட்டது.

இரண்டாவது காரணம் ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது. நம் நாட்காட்டியை வைத்தே இதைக் கணிக்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடலின் ஏற்றவற்றம் பெரிது. அட்டமியை ஒட்டிச் சிறிது. கால்வே விரிகுடாவில் பெரிய ஓதத்தின்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நாலரை முதல் ஐந்து மீட்டர் வித்தியாசம் இருக்கும். சிறிய ஓதத்தில் சுமார் இரண்டு மீட்டர்தான். சென்னைக் கடற்கரையில் ஒரு மீட்டரைச் சுற்றியே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ஐந்து மீட்டர் கண்ணால் பார்த்தாலும் நம்பிக்கை வராது. மணல் திட்டு வழியாகப் பாறைக்குப் போனவர் திரும்பும்போது வழியே இருக்காது. மார்ச் 6 வளர்பிறையின் அரைநிலா என்பதால், நாங்கள் போன வாரக்கடைசியில் ஓதம் சிறிதாக இருந்தது. உயர் ஓதம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளி வரும். வெள்ளிக்கிழமை பார்த்த நேரத்தை ஞாயிற்றுக்கிழமைக்குப் பயன்படுத்தினால் ஒன்றரை மணிக்கு மேல் பிசகும். ஓத அட்டவணையில் கோடை நேரம் சேர்த்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு போகும் குழு இதில் ஏமாறும்.

போக்குவரத்து. கால்வேயிலிருந்து கின்வாரா, பாலிவாகன், ஃபனோர், லிஸ்டூன்வார்னா, டூலின், மோஹர் பாறைகள் வழியாக என்னிஸ் வரை பஸ் ஏரன் நிறுவனத்தின் 350-ஆம் எண் பேருந்து ஓடுகிறது. நான்கைந்து பேர் போவதற்கு அதுவே போதும். மாணவர் கட்டணச் சலுகை அட்டையான ஸ்டூடண்ட் லீப் கார்டு இருந்தால் செலவும் குறைவு. 22 பேருக்கு அது சரிவராது. ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மழையில் நீண்ட நேரம் காத்திருக்க நேரும். நிழற்குடை இல்லாத நிறுத்தங்கள் பல. ஆகவே 24 இருக்கை மினிபஸ்ஸை ஓட்டுநருடன் எடுத்தோம். ஓட்டுநருக்கு நாலரை மணி நேர ஓட்டத்துக்குப் பின் 45 நிமிட ஓய்வு சட்டப்படி கட்டாயம். ஒரு நாளில் பொதுவாக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அட்டவணையை அதற்கேற்ப எழுதாவிட்டால் குழு நடுவழியில் நிற்க வேண்டிவரும். போகும்போது பிளாக் ஹெட் முனையைச் சுற்றும் ஆர்477 கடலோரச் சாலை; திரும்பும்போது உள்நாட்டு வழி. பாலிவாகனுக்குத் தெற்கே என்67-இல் உள்ள கார்க்ஸ்க்ரூ குன்றின் கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்குத் தலை சுற்றியது. வயிறு நிரம்பச் சாப்பிட்டுவிட்டு அந்த வழியில் ஏறக்கூடாது.

டூலினிலிருந்து அரன் தீவுகளுக்குப் படகு ஏறலாம் என்று பலர் எதிர்பார்த்தார்கள். டூலின் படகுகள் கோடைக்கால சேவை. குளிர்காலம் முழுவதும் நிற்கும். ஆண்டு முழுவதும் ஓடுவது கால்வேக்கு மேற்கே உள்ள ராஸவீலிலிருந்து அரன் தீவுகளில் பெரியதான இனிஷ்மோருக்குப் போகும் படகுதான், சுமார் 40 நிமிடம். குளிர்காலத்தில் அதற்கும் நாளுக்குச் சில நடைகளே உண்டு. அலை எழுந்தால் ரத்தாகும். காலையில் போன படகு மாலையில் திரும்பாமலும் போகலாம். தீவுப் பயணம் வைக்கும் குழு ஒரு இரவுக்கான மாற்றுடை, மருந்து, பணம் ஆகியவற்றோடுதான் ஏற வேண்டும். மறுநாள் தேர்வோ பகுதிநேர வேலையோ இருப்பவர் ஏறக்கூடாது.

மோஹர் பாறைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உச்சியில் 214 மீட்டர் உயரம். 1835-இல் கார்னீலியஸ் ஓபிரையன் கட்டிய கோபுரத்துக்கு அருகில்தான் அந்த உச்சி. சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆற்றுமுகத்தில் படிந்த களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காக இருக்கின்றன. களிப்பாறை மென்மையானது. அலையும் மழையும் அதை அரித்து உள்ளே தள்ளும். மேலே உள்ள கெட்டியான மணற்பாறைப் பலகையும் புல்தரையும் தாங்குகிற ஆதாரமில்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மேலிருந்து பார்த்தால் பசும்புல். கீழே ஒன்றுமே இல்லை. குளிர்கால மழையில் மண் நீரைக் குடித்துக் கனக்கும்போதுதான் அது பிய்ந்து விழும். கோடையில் பாதுகாப்பாக நின்ற இடம் மார்ச்சில் பாதுகாப்பானது அல்ல என்பதற்குக் காரணம் இதுதான். லிஸ்கேனர் கற்பலகைகளை நட்டு வைத்த தடுப்புக்கு அப்பால் படம் எடுக்கப் போவது எந்தச் சூழலிலும் கூடாது. 2024-இல் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு கரையோர நடைபாதையின் சில பகுதிகள் மூடப்பட்டன. இணையத்தில் கிடைக்கும் பழைய பாதை வரைபடத்தை நம்பி டூலினிலிருந்து நடந்தே போகத் திட்டமிட வேண்டாம். பார்வையாளர் மையப் பகுதிக்குள் மட்டும் நடந்தோம். பாறைகள் மேற்கு நோக்கியவை. காலையில் முகம் நிழலில் கிடக்கும். மதியம் ஒரு மணிக்கு மேல் போனால்தான் அடுக்குகள் தெளிவாகத் தெரியும்.

பஃபின் பறவையைக் காணவில்லை என்ற ஏமாற்றம் பலருக்கு. அவை குஞ்சு பொரிக்க ஏப்ரல் வாக்கில் வந்து கோடையிலேயே நடுக்கடலுக்குத் திரும்பிவிடும். அழைப்பிதழில் பஃபின் படம் போட்டது செயற்குழுவின் தவறு. அடுத்த முறை திருத்திக்கொள்வோம்.

அதற்குப் பதிலாக, கோடையில் வருபவர் பார்க்க முடியாத ஒன்று பர்ரனில் இருந்தது. பர்ரன் ஒரு சுண்ணாம்புப் பாறை நிலம். மழைநீர் மேலே ஓடாமல் வெடிப்புகள் வழியாகக் கீழே இறங்கிவிடும். குளிர்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் ஏறும்போது புல்வெளிகள் திடீரென்று ஏரிகளாகும். கோடையில் அதே நீர் அதே துளைகள் வழியே மறையும். இவற்றை டர்லோக் என்கிறார்கள். கேரனில் உள்ளது பெரியது. நீர் நிரம்பியதைப் பார்க்கக் குளிர்காலமே வேண்டும். இன்னொன்று, உலகின் பல மலைநாடுகளில் கோடையில் மாடுகளை மேலே ஓட்டுவார்கள். பர்ரனில் அதற்கு நேர்மாறு. கோடையின் வெப்பத்தைச் சுண்ணாம்புக்கல் பிடித்து வைத்திருப்பதால் மேட்டு நிலத்தில் குளிர்காலத்திலும் புல் வளர்கிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை மாடுகள் மேலே மேயும். அவை மூத்த புல்லைத் தின்று தீர்ப்பதால்தான் வசந்தத்தில் நீல ஜென்ஷியன் பூக்களுக்கு வெளிச்சம் கிடைக்கிறது. ஆகவே வாயிற்கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டு வர வேண்டும். திறந்து கிடந்ததை மூடுவதும் தவறு. மாடு தண்ணீருக்குப் போகும் வழியாக அது இருக்கலாம்.

பர்ரன் பாறைமேல் நடக்கும்போது பார்வை காலில் இருக்க வேண்டும். வெடிப்புகள் ஒரு கணுக்கால் நுழையும் அகலத்தில், சிலவிடத்தில் இடுப்பளவு ஆழத்தில் இருக்கும். ஓட்டக் காலணியில் வந்த ஒருவருக்குக் கால் பிசகியது. கணுக்கால் மூடும் பூட்ஸ் அணிந்தவர் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஃபனோர் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் கோடையில் மட்டுமே. மார்ச்சில் கடல்நீரின் வெப்பம் 9 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் குளிரில் இறங்கியவுடன் மூச்சு தானாக இழுக்கும். அந்த முதல் நிமிடத்தில் தலை நீருக்குள் இருந்தால் நல்ல நீச்சல்காரரும் மூழ்குவார். எனவே குளியல் முற்றிலும் தடை. பாறைக்கரைக்கு ஒரு விதி: இறங்குமுன் பத்து நிமிடம் நின்று அலையைப் பார்க்க வேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும். இரண்டு நிமிட அமைதியை நம்பக்கூடாது. நனைந்த பாறை வரை அலை வரும் என்று கொள்ள வேண்டும். கரிய தார் பூசியது போலத் தெரியும் பட்டை தாரல்ல. நம் சமையலின் கல்பாசிக்கு உறவான ஓர் உயிரினம். நனைந்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். யாராவது விழுந்தால் பின்னாலேயே குதிக்காமல், கரையில் உள்ள மஞ்சள் மிதவளையத்தை வீசி, 112 அழைத்துக் கோஸ்ட் கார்டு (கடலோர மீட்புப் படை) என்று கேட்க வேண்டும்.

உடை விஷயத்தில் அறிவிப்பு போதவில்லை. ஏழு பேர் ஜீன்ஸில் வந்தார்கள். பருத்தி நனைந்தால் உலராது, உடல் சூட்டை உறிஞ்சும். குடை இந்தக் காற்றில் ஐந்து நிமிடம் தாங்காது. தேவை: தலைமூடியுள்ள நீர்புகா மேலங்கி, நீர்புகா கால்சட்டை, கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை. மழைத்தூறல் தாங்கும் என்று மட்டும் எழுதியிருக்கும் மேலங்கி அரைமணியில் நனைந்துவிடும்.

சாப்பாடு. மார்ச் 17 புனித பேட்ரிக் நாள் வரை பல கடைகளும் உணவகங்களும் மூடியிருக்கும். திறந்திருக்கும் பப்களிலும் சமையலறை முன்னதாகவே மூடும். ஹாஸ்டல் சமையலறையே கதி. முதல் நாள் இரவுக்குப் புளியோதரை: 2.6 கிலோ அரிசி, கால்வேயிலேயே காய்ச்சி எடுத்துச் சென்ற புளிக்காய்ச்சலுக்கு 350 கிராம் புளி, 400 மி.லி. நல்லெண்ணெய். மீந்தது மறுநாள் மதியக் கட்டுச்சோறு. இரண்டாம் இரவு சாம்பாருக்கு 800 கிராம் துவரம்பருப்பு. அலுமினியக் குக்கர் இண்டக்ஷன் அடுப்பில் சூடாகவில்லை. பருப்பைச் சாதாரண எஃகுப் பாத்திரத்தில் வேகவைக்க ஒரு மணிக்கு மேல் ஆனது. எஃகுக் குக்கர் ஒன்றைச் சங்கம் வாங்க வேண்டும். மிளகாய் தாளித்தபோது புகை எச்சரிக்கை மணி அடித்து மொத்த ஹாஸ்டலும் குளிரில் வெளியே நின்றது. இனி தாளிப்பை வீட்டிலேயே செய்து எண்ணெயோடு பாட்டிலில் எடுத்துச் செல்ல வேண்டும்.

கணக்கு. ஆளுக்கு 95 யூரோ வீதம் 22 பேர், வரவு 2,090. மினிபஸ் 900, இரண்டு இரவு தங்குமிடம் 924, உணவு 178, முதலுதவிப் பெட்டியும் தலைவிளக்குகளும் 58. செலவு 2,060. மீதம் 30 யூரோ சங்கக் கணக்கில் சேர்க்கப்பட்டது. எஃகுக் குக்கருக்கு இதை ஒதுக்கப் பரிந்துரைக்கிறேன். தலைவிளக்குகள் சங்க அலமாரியில் உள்ளன. பேட்டரிகளைக் கழற்றித் தனியே வைத்திருக்கிறோம்.

காற்று எச்சரிக்கை விதியைத் தீர்மானமாக ஏற்கவும், இந்த அறிக்கையைப் பதிவு செய்யவும் பேரவையை வேண்டுகிறேன்.

செயலர்