மலையில் வீடு பார்க்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா, ஆச்சி எழுதுவது. கொடைக்கானல் மலையில், பண்ணைக்காட்டில் ஒரு வீடு விலைக்கு வருகிறதென்றும், நம் கானாடுகாத்தான் வீட்டில் உனக்குரிய பங்கைப் பங்காளிகளுக்கே கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் அதை முடிக்க நினைப்பதாகவும் நீ எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். உன் அத்தானும் நானும் அதே மலையில், தாண்டிக்குடிப் பக்கம், ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு இறங்கியவர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதாலும், ஓய்வுபெறும் வயதில் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இதே ஆசை இருப்பதாலும், எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து காவடியோடு பழனிக்கு நடக்கிற நமக்கு முருகன் இருக்கும் மலைதான் தெரியும். அதற்குப் பின்னால் நிற்கும் மலையைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசியதில்லை.

நீ அந்த வீட்டைப் பார்த்தது மே மாதத்தில். அதே வீட்டிலோ பக்கத்திலோ ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார். கீழ்ப்பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. முதல் வருடம் நான் கொண்டுபோன மனகோலமும் சீப்புச்சீடையும், இறுக மூடிய டப்பாவுக்குள்ளேயே இரண்டு நாளில் நமத்துப்போயின. பட்டுப்புடவையை விரித்தால் மடிப்புக்கு மடிப்பு பூஞ்சணம். இதெல்லாம் பழகிவிடும். பழகாதது ஒன்று உண்டு; அதைத்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும்.

நாம் மழையைப் பிடித்து வைக்கிற ஊரில் பிறந்தவர்கள். ஓட்டுச் சரிவில் இறங்கும் தண்ணீர் வளவு முற்றத்தில் விழுந்து அண்டாவுக்கும் கிணற்றுக்கும் போகவேண்டும், தெருவில் ஓடுவது வரத்துக்கால் வழியாக ஊருணிக்குப் போகவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய வீடுகள் நம்முடையவை. அதனால் வீடு பார்க்கப் போனால் நம் கண் தேக்குத் தூணையும் தரையையும்தான் தேடுகிறது. மலையில் தண்ணீரை வெளியே விடத் தெரிந்த வீடுதான் நிற்கும். நாங்கள் வாங்கிய வீட்டுக்குப் பின்னால், சரிவை வெட்டிய இடத்தில், பத்தடி உயரத்துக்குத் தடுப்புச்சுவர் இருந்தது. புதிதாகப் பூசி வெள்ளையடித்திருந்ததைப் பார்த்து நான் மகிழ்ந்துபோனேன். இரண்டாவது கார்த்திகையில் ஒரு காலை துணி உலர்த்தப் போனபோது சுவரின் நடுப்பகுதி கர்ப்பிணி வயிறுபோல முன்னே தள்ளியிருந்தது. கையை வைத்தேன், பூச்சு சில்லென்று நெளிந்தது, விரலிடுக்கில் செம்மண் தண்ணீர் கசிந்தது. மண்ணுக்குள் இறங்கும் நீர் வடிய அந்தச் சுவரில் ஒரு துளைகூட விட்டிருக்கவில்லை. பின்னால் கல்லும் ஜல்லியும் நிரப்பாமல் வெட்டிய மண்ணையே தள்ளி மூடியிருந்தார்கள். ஈரமண்ணின் பாரம் முழுவதையும் சுவர் ஒன்றே தாங்கியிருக்கிறது. இடித்துக் கட்டிய செலவில் காரைக்குடியில் ஒரு மனை வாங்கியிருக்கலாம் என்று அத்தான் இன்றும் சொல்லிக்காட்டுவார். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் சீமையைத் தாண்டி மலையேறி வந்து, மரங்களைச் சாய்த்துப் பாதையை அடைத்து, பல நாள் எங்களை இருட்டில் வைத்ததே, அன்று அந்தப் புதுச்சுவர் அசையவில்லை. பழையதாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம்.

அடுத்தது பத்திரம். வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை, பட்டா விற்பவர் பேரில் இருக்கிறது என்பதோடு சமவெளியில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். மலையில் அப்படி விட்டுவிட முடியாது. ஊர் நிலங்களின் வகையைக் குறித்து வைக்கும் வருவாய்த்துறைக் கணக்குதான் ‘அ’ பதிவேடு; அந்த சர்வே எண்ணுக்கு அதன் நகலை வாங்கி, நிலம் என்ன வகை என்று பார். 1949ஆம் ஆண்டுத் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கிய இடமென்றால், அதற்குரிய குழுவின் முன் அனுமதியில்லாமல் விற்கவே முடியாது. அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த நிலத்தையும் அந்த நிபந்தனையை மீறி விற்க முடியாது. கைமாறியிருந்தாலும் அந்த விற்பனை செல்லாது. எங்கள் தரகர் காட்டிய முதல் இடம் இந்த வகைதான் என்பது, முன்பணம் கொடுத்து நான்கு மாதம் கழித்தே தெரிந்தது. அந்தப் பணம் இன்னும் திரும்பவில்லை. வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டும் எண்ணமிருந்தால் கிராமம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் இருக்கிறதா என்று கேள். இருந்தால் வனம், கனிமவளம், வேளாண் பொறியியல் துறைகளின் கருத்தெல்லாம் வந்த பிறகுதான் அனுமதி கிடைக்கும். வாசலில் நிற்கும் மரத்தை வெட்டுவதற்குக்கூட 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். அது குறுக்கே வருவது நல்லதுதான் என்பது என் கட்சி. முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணமெல்லாம் உனக்கே தெரியும்.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். காட்டுமாடு வாசலில் நிற்கும்; அது போகும்வரை நீ உள்ளே நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிதான் எங்களை இறக்கியது. அத்தானுக்கு நெஞ்சு அடைத்த இரவில், மூடுபனியில் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டிப் பாதை பார்த்துக்கொண்டே வத்தலக்குண்டுக்கு இறங்கினார். உனக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதை நினைவில் வை.

இவ்வளவு எழுதிவிட்டு உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோடைமழை பெய்த ஒரு வாரம், பத்து நாளில் காப்பித்தோட்டம் மொத்தமும் ஒரே காலையில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகையும் தேனும் கலந்ததுபோல் அந்த வாசனை சமையற்கட்டு வரை வரும். இறங்கி வந்தபின் ஒவ்வொரு பங்குனியிலும் எனக்கு அந்த நினைப்பு வந்துவிடுகிறது.

வீட்டின் முன்பக்கப் படங்கள் பதினாறு அனுப்பியிருக்கிறாய். பின்பக்கச் சுவரை, அடியிலிருந்து உச்சிவரை தெரியும்படி எடுத்து அனுப்பச் சொல்கிறார் அத்தான். ‘அ’ பதிவேட்டு நகலும் வரட்டும். அதுவரை யாருக்கும் முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
ஆச்சி