படுக்கைக்குக் காத்திருந்த இரவு

செங்காங், சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. இவருக்குச் சளி முற்றி நுரையீரலில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். இப்போது தேறிவிட்டார். இன்று காலை இரண்டு இட்லி போதாது என்று மூன்றாவதும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க எனக்கு மனம் வந்தது.

அந்த முதல் இரவைப் பற்றி உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். மாலை 6 மணிக்கு அவசரப் பிரிவுக்குப் போனோம். ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே பார்த்து, வார்டில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது மணி 9. படுக்கை கிடைத்தது மறுநாள் பகல் 1 மணிக்கு. அந்த 16 மணி நேரமும் நடைவழியில் தள்ளுகட்டிலில்தான் படுத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு தள்ளுகட்டில், அதில் ஒரு சீனப் பாட்டி. ஜில்லிட்டுப்போன கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் போர்வையை இழுத்துவிடுவேன், கொஞ்ச நேரத்தில் கால் மறுபடி வெளியே வந்துவிடும். விடிவதற்குள் ஏழெட்டு முறை இழுத்துவிட்டிருப்பேன். தாதியர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் ஓடிய ஓட்டத்தைக் கண்ணால் பார்த்தேன். படுக்கை இல்லாததற்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் திறந்து, இந்தச் சில ஆண்டுகளில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளைத் தேடித் தேடி வாசித்தேன். முதலில் ஆஸ்பத்திரிப் படுக்கை. அப்புறம் பள்ளி, மின்சாரம், விவசாயம் என்று ஒன்று மாற்றி ஒன்று. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இது ஒரு பழக்கமாகிவிட்டது. நான்கும் நான்கு அமைச்சுகளுக்குப் போகிற கேள்விகள். ஆனால் நான்கும் எங்கள் வீட்டுக்குள்தான் நடக்கின்றன.

படுக்கை விஷயத்தையே எடுத்துக்கொள். வார்டில் இடம் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று சுகாதார அமைச்சு மருத்துவமனை வாரியாக எண்களை வெளியிடுகிறது. அதில் வருவது நடு அளவு. காத்திருந்த நேரப்படி நூறு பேரை வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் நேரம். அது 5 மணி நேரம் என்றால் பாதிப் பேர் அதைவிடக் கூடுதலாகக் காத்திருந்தார்கள் என்று தெரியும். எவ்வளவு கூடுதல் என்று தெரியாது. இவரும் அந்தப் பாட்டியும் அன்று வரிசையின் வால் பக்கம் இருந்தவர்கள். விவரம் தெரிந்த உறுப்பினர் நடு அளவோடு விடமாட்டார். நூற்றில் கடைசி 5 பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கேட்பார். எங்களைப் பற்றிய பதில் அந்தக் கேள்விக்குத்தான் கிடைக்கும். காரணம் என்னவோ எல்லாருக்கும் தெரிந்ததுதான். நமக்கெல்லாம் வயதாகிவிட்டது. தாதிமை இல்லத்தில் இடம் கிடைக்காமல், குணமான பிறகும் வார்டிலேயே இருப்பவர்களும் உண்டு. உட்லண்ட்ஸில் 2024ல் புது மருத்துவமனை வந்தது, பிடோக் வட்டாரத்தில் இன்னொன்று வரப்போகிறது. அது வரும்வரை யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது, உனக்குத் தெரியுமா? ஓர் அமர்வுக்கு ஓர் உறுப்பினர் 5 கேள்விகள் வரை கொடுக்கலாம். அதில் வாய்மொழிப் பதிலுக்கு 3 மட்டும். 7 நாளுக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கேள்வி நேரம் மொத்தம் ஒன்றரை மணி. அதற்குள் முறை வராவிட்டால் பெரும்பாலும் எழுத்துப் பதிலோடு சரி, பதிலைக் கேட்டு அங்கேயே எழுப்புகிற துணைக்கேள்வியைக் கேட்க முடியாது. எனக்கு அந்தத் துணைக்கேள்விதான் உயிர். முதல் பதில் அமைச்சின் அதிகாரிகள் உட்கார்ந்து தயாரித்துக் கொடுப்பது. துணைக்கேள்விக்கு அமைச்சரே எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஆளும் கட்சி உறுப்பினர்களும் நன்றாகக் கேட்கிறார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அமைச்சரைப் பார்த்து மூன்றாவது முறை அதே கேள்வியைக் கேட்க எதிர் வரிசையில் உட்கார்ந்திருப்பவரால்தான் முடிகிறது.

நீயும் நானும் ஜூரோங் ஆலைப் பேருந்தில் இரவு ஷிப்டுக்குப் போன காலத்தை நினைத்துக்கொண்டேன். 1981 அக்டோபர் 31. ஆன்சன் இடைத்தேர்தலில் பாட்டாளிக் கட்சியின் ஜெயரத்தினம் ஜெயித்த செய்தி வந்ததும் பேருந்தே அமைதியாகிவிட்டது, நினைவிருக்கிறதா? 653 வாக்கு வித்தியாசம். 1968லிருந்து 13 வருடம் மன்றத்தில் அத்தனை இருக்கையும் ஒரே கட்சிக்குப் போயிருந்தது. அந்தத் தொகுதியில் பிளேர் பிளெயின் அடுக்குமாடியில் இருந்த துறைமுகக் குடும்பங்கள் கண்டெய்னர் தளத்துக்காக வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்ததும், அந்தக் குடும்பங்கள் எங்கே போவது என்ற கவலையும் அந்த முடிவுக்கு ஒரு காரணம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அன்று தனியாக ஒருவர் எழுந்து நின்றார். இன்று 2025 தேர்தலுக்குப் பிறகு தோற்றாலும் கூடுதல் வாக்கு வாங்கியதால் இடம் பெற்ற தொகுதியில்லா உறுப்பினர் இருவரையும் சேர்த்துப் பாட்டாளிக் கட்சிக்கு 12 பேர் இருக்கிறார்கள். எண்ணிக்கை கூடியதைவிட, ஆளுக்கொரு துறையைப் பிடித்துப் படித்துவிட்டு வந்து கேட்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, பேரன் கதை. தொடக்கநிலை 4. வகுப்பில் 38 பிள்ளைகள். கை தூக்கினால் முறை வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது என்கிறான். வகுப்பில் பிள்ளைகளைக் குறைக்க வேண்டும் என்று எதிர்க்கட்சி பல வருடமாகக் கேட்டு வருகிறது. ஆசிரியர் ஒருவருக்குத் தொடக்கப்பள்ளியில் சுமார் 15 மாணவர்தான் என்று பதிலில் ஓர் எண் வரும். அது பொய்யில்லை. பள்ளியில் இருக்கும் எல்லா ஆசிரியரையும் எண்ணி வகுத்தால் அப்படித்தான் வரும். ஆனால் வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் தொடக்கநிலை 1, 2ல் 30 பேர், அதற்கு மேல் 40 வரை. கூடுதல் ஆசிரியர்களைத் தடுமாறும் பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் நடத்த வைப்பதே மேல் என்பது அமைச்சின் வாதம். அந்த வாதத்தையும் நான் யோசித்துத்தான் பார்த்தேன். தடுமாறுகிற பிள்ளைக்கு அது சரி. தடுமாறவும் இல்லாமல் முதலாகவும் இல்லாமல் நடுவில் உட்கார்ந்திருக்கிற எங்கள் பேரனைப் போன்றவனை யார் பார்ப்பது?

மின்சாரம் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. 2021 அக்டோபரில் சில மின் விற்பனை நிறுவனங்கள் கடையைக் கட்டியபோது எங்கள் ஒப்பந்தமும் பாதியில் நின்றது. நம் மின்சாரத்தில் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் வருவது, எங்கோ விலை ஏறினால் நம் பில்லும் ஏறும். வெளியேறும் கரியமிலவாயுவுக்கான கரிம வரியும் டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்தது, 2026லிருந்து 45. அவ்வளவுதான்.

இதில் என் மனதை உறுத்துவது விவசாயம். 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிப்போம் என்று 2019ல் அறிவித்தார்கள். கட்டடத்துக்குள் அடுக்கடுக்காகக் கீரை வளர்த்தார்கள். விளக்கும் ஏசியும் இரவு பகலாக ஓட வேண்டும். மின்கட்டணம் ஏறியதும் சில பண்ணைகள் மூடிவிட்டன. 2025 நவம்பரில் அந்த இலக்கையே மாற்றினார்கள். 2035க்குள் காய்கறி வகையில் 20, முட்டை, மீன் வகையில் 30 விழுக்காடு என்கிறார்கள். எட்டாததை எட்டாது என்று ஒப்புக்கொண்டது நல்லதே. ஆனால் கீரைப் பண்ணைக்கு விளக்கெரிய என்ன செலவாகும் என்று எரிசக்தியைப் பார்க்கும் அமைச்சிடமும் விவசாயத்தைப் பார்க்கும் அமைச்சிடமும் ஒரே நாளில் சேர்த்துக் கேட்க 2019லேயே ஆள் வேண்டியிருந்தது.

உணவு எங்கிருந்து வருகிறது என்பது சும்மா பேச்சில்லை. 2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சந்தையில் பச்சைக் கோழிக்கு அலைந்தோம். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியது, அடுத்த மாதம் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு வரி. அப்போது லிட்டில் இந்தியாவில் பொன்னி மூட்டையை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம் சிங்கப்பூருக்கும் விலக்குக் கிடைத்தது.

இவர் வீட்டுக்கு வந்த வாரம், எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் கீழ்த்தளத்தில் நடத்துகிற மக்கள் சந்திப்புக்குப் போனேன். பிளாஸ்டிக் மேசை, மடக்கு நாற்காலி, மடிக்கணினியோடு நாலைந்து தொண்டூழியர்கள். எனக்கு முன்னால் வாடகை பாக்கி, வேலை பெர்மிட் என்று பத்துப் பேர். என் முறை வந்ததும் தொண்டூழியரான ஓர் இளைஞர் ஆஸ்பத்திரிக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டார். எனக்கு அது வேண்டாம், இவருக்கு நடந்தது நடந்துவிட்டது, இதை ஒரு கேள்வியாகப் போட முடியுமா என்று கேட்டேன். அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தேதி, நேரம், எப்போது என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பாட்டியின் காலையும் சொன்னேன். அதையும் எழுதினார்.

அதனால்தான் உன் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவைத்து, மழையில் நனைந்து, ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டதென்று எடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் யாராவது சொன்னீர்களா? மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட கேள்வி என்று ஒன்று உண்டு. அதற்கு அமைச்சர் எழுந்துதான் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் உண்டு. உங்கள் எம்.பி.க்கு எழுதினால் ஈரப்பத வரம்பை 17லிருந்து 22க்கு ஏற்றுவது பற்றி டில்லியில் கேட்கலாம். சும்மா கஷ்டம் என்று எழுதாதே. எத்தனை மூட்டை, எத்தனை நாள் வாசலில் கிடந்தது, எத்தனை முளைத்துப்போனது என்று எண்ணி எழுது. எனக்கும் ஒரு நகல் அனுப்பு.

இவர் நடக்கப் போகலாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் செங்காங் தோழி