சுண்ணாம்புக்கல் குழியை ஒட்டிய ஊர்களுக்குக் கனிம நிதியில் முதலிடம் வேண்டி மனு

அனுப்புநர்
விவசாயிகள், மகளிர் சுயஉதவிக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
சுண்ணாம்புக்கல் சுரங்கங்களை ஒட்டிய கிராமங்கள்,
அரியலூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
அரியலூர்.

பொருள்: மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியைச் சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களுக்கு முதலில் செலவிடவும், அந்தச் செலவைக் கிராமசபையின் முடிவுப்படி அமைக்கவும், கல் எடுத்து முடித்த குழிகளுக்கு இப்போதே ஏற்பாடு செய்யவும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். சுரங்கத்தை மூடச் சொல்லி நாங்கள் வரவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறார்கள். சிலர் கடன் வாங்கி லாரி ஓட்டுகிறார்கள். ஆலை வாசலில் டீக்கடை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்களும் உண்டு. அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட எங்களுக்கு மனமில்லை. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று சட்டம் ஒதுக்கிய பணம், குழியின் விளிம்பில் வாழும் எங்களை முதலில் வந்து சேர வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறோம்.

சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தில் 2015-ஆம் ஆண்டு 9பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சுரங்கத்தால் பாதிக்கப்படும் மக்களின், பகுதிகளின் நலனுக்காகவே ஒவ்வொரு சுரங்க மாவட்டத்திலும் ஓர் அறக்கட்டளை இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. 2015 ஜனவரி 12-க்கு முன் குத்தகை பெற்ற சுரங்கங்கள், எடுக்கும் கல்லுக்கு உரிமைத் தொகையாக அரசுக்குக் கட்டும் ராயல்டியில் 30 விழுக்காட்டுக்குச் சமமான தொகையையும், அதன்பின் ஏலத்தில் எடுத்தவை 10 விழுக்காட்டையும் இந்த அறக்கட்டளைக்குத் தனியாகச் செலுத்த வேண்டும். சிமெண்டுக்கான சுண்ணாம்புக்கல்லுக்கு 2014-ஆம் ஆண்டு நிர்ணயப்படி ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். அப்படியானால் பழைய குத்தகைச் சுரங்கத்திலிருந்து 25 டன் கல் ஏற்றிய ஒரு டிப்பர் எங்கள் தெருவைக் கடக்கும்போதெல்லாம், பாதிக்கப்பட்டவர்கள் பெயரில் 600 ரூபாய் வரவு வைக்கப்படுகிறது. இப்படி எத்தனை டிப்பர்கள் போகின்றன என்பதை எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டாலே தெரியும், ஐயா. சாலையைக் கடக்க அவர்கள்தான் காத்து நிற்கிறார்கள்.

இந்த நிதிக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல்கள் 2024-இல் திருத்தப்பட்டன. நேரடியாகப் பாதிக்கப்படும் பகுதிகளில் குறைந்தது 70 விழுக்காடு செலவிட வேண்டும் என்று அவை சொல்கின்றன. நல்ல விதிதான். ஆனால் நேரடியாகப் பாதிக்கப்படும் பகுதி என்பது சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டர் சுற்றளவு. நம் மாவட்டத்தில் எந்தச் சுரங்கத்தை நடுவில் வைத்து 15 கிலோமீட்டருக்கு வட்டம் போட்டாலும், அதற்குள் எத்தனையோ ஊர்களும் கடைவீதிகளும் அலுவலகங்களும் வந்துவிடும். வெடிச் சத்தமே கேட்காத ஓர் இடத்தில் கட்டிடம் எழுப்பினாலும், வெடியில் சுவர் விரிசல் விட்ட வீடுகள் உள்ள தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போட்டாலும் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். எங்கள் மனுவின் மையமே இதுதான். வட்டத்துக்குள்ளும் ஒரு வரிசை வேண்டும். சுரங்கத்தின் எல்லையைத் தொடும் ஊராட்சிகள், லாரிப் பாதையில் உள்ள ஊராட்சிகள் இரண்டும் முதலில், மற்றவை பிறகு என்று தாங்கள் தலைமை வகிக்கும் அறக்கட்டளைக் குழு ஒரு தீர்மானம் போட்டால் போதும். விதியை மாற்ற வேண்டியதில்லை. விதிக்கு உட்பட்டே இதைச் செய்ய முடியும்.

எங்களுக்கு முதல் தேவை தண்ணீர். மானாவாரியாகப் பருத்தி, மக்காச்சோளம், கடலை போட்டு, கிணறு உள்ளவர்கள் கொஞ்சம் நெல்லும் கரும்பும் பார்த்த பூமி இது. சுரங்கம் கிணற்றைவிட ஆழமாகப் போனதும் ஊற்று அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. அடியில் ஊறும் நீரை மோட்டார் வைத்து வெளியேற்றினால்தான் அவர்களால் கல் எடுக்க முடியும். அவர்கள் இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள கிணறுகளில் மட்டம் இறங்குகிறது. வசதி உள்ளவர்கள் போர் போட்டு இன்னும் கீழே போகிறார்கள். இல்லாதவர்கள் கிணற்றை அப்படியே விட்டுவிட்டுக் கூலிக்குப் போகிறார்கள். நிலம் விற்காதவர்களும் இப்படித்தான் விவசாயத்தை விட்டார்கள். இவர்கள் பெயர் எந்த நில எடுப்புப் பட்டியலிலும் இருக்காது. ஒரு பைசா இழப்பீடும் வராது. இவர்களைத் தாங்கள் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும் என்று பணிந்து கேட்கிறோம். சுரங்கத்திலிருந்து வெளியேற்றும் நீரைப் பரிசோதித்து, பயிருக்கு ஆகும் என்றால் ஓடையில் விடாமல் குழாய் வழியாக எங்கள் ஏரி குளங்களுக்குக் கொண்டுவர இந்த நிதியில் வழி செய்யுங்கள். குடிநீருக்குக் கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீரையே நம்பியிருக்கும் ஊர்களில் மேல்நிலைத் தொட்டியும் வீட்டு இணைப்பும் குறைவின்றி இருக்க வேண்டும்.

அடுத்தது புழுதி. வெடித்த பருத்தியின் மேல் சுண்ணாம்புத் தூசி படிந்தால் வியாபாரி விலையைக் குறைக்கிறார். இலையில் படிந்த தூசி பனியில் நனைந்து காய்ந்தால் ஏடாக ஒட்டிக்கொள்ளும். மாடு அந்தத் தீவனத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். தார்ப்பாய் மூடாத லாரியை நிறுத்தி அபராதம் போட அதிகாரிகளுக்கு ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது. அதைத் தினமும் செய்யச் சொல்லுங்கள். ஊருக்குள் புகாத தனி லாரிச் சாலை நெடுநாள் கோரிக்கை. கனிம நிதியில் அதைப் போடச் சொல்ல எங்களுக்குத் தயக்கமாக இருக்கிறது. லாரிக்குச் சாலை போடுவது சுரங்கம் நடத்துகிறவர்களின் கடமை. பாதிக்கப்பட்டவன் பணத்தில் அதைச் செய்யக் கூடாது. பள்ளி நேரத்தில் காலையும் மாலையும் டிப்பர்களை ஊருக்கு வெளியே நிறுத்திவைக்க மட்டும் இந்த வாரமே உத்தரவிடலாம். அதற்கு நிதி எதுவும் வேண்டியதில்லை.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருமலும் இளைப்பும் எங்கள் ஊர்களில் வயதானவர்களுக்கு மட்டும் வருகிறதா, தூசியில் வேலை செய்யும் நடுவயதினருக்கும் கூடுகிறதா என்பதை நாங்களாக முடிவு கட்டக் கூடாது. மருத்துவர்கள் பார்த்துச் சொல்லட்டும். 2022-இல் நம் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை சுரங்க ஊர்களிலேயே நுரையீரல் பரிசோதனை நடத்தி, ஊர்வாரியாக முடிவை வைத்துக்கொண்டால் பத்து ஆண்டுகளில் உண்மை தெரிந்துவிடும். மருத்துவம் இந்த நிதியின் முன்னுரிமைப் பட்டியலிலேயே இருக்கிறது.

இனி வரப்போவதைப் பற்றிப் பேச வேண்டும். நாங்கள் அதிகம் அஞ்சுவது அதைத்தான். 2015-இல் திருத்திய சட்டப்படி, ஆலையின் சொந்தத் தேவைக்காகப் பெற்ற பழைய குத்தகைகள் 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டுள்ளன. குத்தகை கொடுத்து ஐம்பது ஆண்டு ஆகும் நாளோ, கடைசியாகக் கொடுத்த புதுப்பிப்பு முடியும் நாளோ அதற்குப் பிந்தியதாக இருந்தால் அதுவரை. அதாவது பல குழிகளுக்கு முடிவுநாள் இப்போதே எழுதப்பட்டிருக்கிறது. கல் தீர்ந்தாலும் குத்தகை முடிந்தாலும் நிறுவனம் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். எங்களுக்கு மிஞ்சுவது மழைநீர் நிறைந்த பள்ளம். அதன் சுவர் செங்குத்தானது. ஏரிக்கு இருப்பதுபோல் இறங்கும் கரை கிடையாது. ஆடு மேய்க்கப் போகும் பிள்ளை கால் தவறினால் பிடித்து ஏற ஒரு வேர் கூட இருக்காது. கைவிட்ட குழியில் குளிக்கப் போன பிள்ளைகள் உயிரோடு திரும்பாத செய்தியைத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் படிக்கிறோம். ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் இருக்க வேண்டும், சுரங்கம் நடக்கும்போதே படிப்படியாக அதை நிறைவேற்றி வர வேண்டும் என்பது விதி. அந்தத் திட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்க வேண்டும். எந்தக் குழியை மண் போட்டு நிரப்பப் போகிறார்கள், எதை நீர்த்தேக்கமாக விடுவார்கள், வேலி எங்கே, படித்துறை எங்கே, எந்த ஆண்டுக்குள் முடியும் என்று பெரியவர்கள் படித்துப் பார்க்க வேண்டும். சரியாகச் சரித்துக் கரை கட்டினால் இந்தக் குழிகளே எங்களுக்கு ஏரியாகலாம். அது ஆபத்தான பள்ளமாகவே கிடப்பதும் ஏரியாவதும் இந்த நாலைந்து ஆண்டுகளில் எடுக்கும் முடிவில் இருக்கிறது.

இந்த மாவட்டத்தில் திட்டத்தின் பெயரால் நிலம் போய் முடங்கிய கதை புதிதல்ல என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்துக்காக 1990-களில் பல கிராமங்களில் நிலம் எடுக்கப்பட்டது. இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. மின்நிலையம் வரவே இல்லை. கடைசியில் அரசே திட்டத்தைக் கைவிட்டு நிலத்தை உழவர்களுக்குத் திருப்பித் தர முடிவெடுத்தது. அந்த முடிவை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் அதற்காகக் காத்திருந்த காலத்தில் ஒரு தலைமுறையே வெளியூர்ப் பிழைப்புக்குப் போய்விட்டது. சுண்ணாம்புக்கல் ஊர்களுக்கு அந்தக் காத்திருப்பு வரக் கூடாது.

வேலை விஷயத்தில் ஒன்று மட்டும் கேட்கிறோம். ஆலை இருக்கும் மாவட்டத்தின் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பேருந்து ஏறுகிறார்கள். நிலம் கொடுத்த வீட்டில் நிரந்தர வேலை கிடைத்தவர்கள் மிகக் குறைவு. மற்றவர்களுக்கு ஒப்பந்தக்காரர் கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. திறன் பயிற்சிக்கென்று இந்த நிதியில் இடம் இருக்கிறது. அதைத் தையல் பயிற்சிச் சான்றிதழோடு முடித்துவிடாமல், மின்பணி, கனரக இயந்திரம் இயக்குதல், ஆய்வுக்கூடப் பரிசோதனை என்று இங்கேயே சம்பளம் கிடைக்கும் தொழில்களை ஐடிஐ தரத்தில் கற்றுத்தர வேண்டும். சுரங்கம் முடிந்த பிறகும் அந்தக் கைத்தொழில் அவர்களோடு இருக்கும்.

இவற்றில் எது முதலில், எது பிறகு என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. அவற்றில் ஒன்றில், அக்டோபர் 2 கூட்டத்தில் வைத்தால் நல்லது, கனிம அறக்கட்டளையின் அலுவலர் ஒருவர் வந்து அமர்ந்து, எங்கள் ஊராட்சிச் சுரங்கங்களிலிருந்து அந்த ஆண்டு எவ்வளவு தொகை வந்தது, அதில் எங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு செலவானது என்ற இரண்டு எண்களையும் வாசிக்க வேண்டும். பிறகு அடுத்த ஆண்டுக்கான பணிகளைக் கிராமசபை தீர்மானமாகத் தரட்டும். அறக்கட்டளைக் குழுவால் ஏற்க முடியாத பணி இருந்தால் காரணத்தை எழுத்தில் தெரிவித்தால் போதும்.

ஆகவே, சுரங்கத்தை ஒட்டிய ஊராட்சிகளுக்கும் லாரிப் பாதை ஊராட்சிகளுக்கும் முதலிடம் தரும் தீர்மானத்தை அறக்கட்டளைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே கொண்டுவரவும், பள்ளி நேர லாரிக் கட்டுப்பாட்டை உடனே பிறப்பிக்கவும், தண்ணீர் குழிகளுக்கு இந்த மழைக்காலத்துக்கு முன்பே வேலி போடச் செய்யவும், கிணறு வற்றிய விவசாயிகளைக் கணக்கெடுக்க வருவாய்த் துறைக்கு உத்தரவிடவும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் ஒருநாள் எங்கள் ஊர்களுக்கு நேரில் வந்து குழிகளின் கரையில் நின்று பார்த்து முடிவெடுத்தால் இன்னும் மகிழ்வோம். மனுவின் மீது எடுத்த நடவடிக்கையை எங்கள் ஊராட்சி அலுவலகங்களுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களின் பொதுமக்கள்

இடம்: அரியலூர்

இணைப்பு: ஊர்வாரியான கையொப்பங்கள், வற்றிய கிணறுகள் மற்றும் வேலியில்லாத குழிகளின் புகைப்படங்கள்.

நகல்: உதவி இயக்குநர், புவியியல் மற்றும் சுரங்கத் துறை, அரியலூர்.